பரீட்சைக்கு ஒரு விருந்தாளி

"ரூமைச் சுத்தம் பண்ண வரலாமா, மேடம்?"

திறந்தே கிடந்த கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சிரித்த முகமாய் நின்றாள் பாப்பா. தலையை வழித்து வாரிக் கொண்டை போட்டு, பள்ளிக்கூடத்துக் கறுப்புக் கோட்டை மாட்டியிருந்தாள்.

கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த அவள் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"வாங்க. சீக்கிரம் முடிங்க. எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காத சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து அக்காவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்து, ஒருவழியாக இன்றைக்குத்தான் லீவு போட்டு வந்திருக்கிறாள். இங்கே என்னடாவென்றால் நாடகம் நடக்கிறது.

"என்னடி கூத்து இது?"

"பிராக்டிகல் பரீட்சை சித்தி. டூரிசம் பாடம் எடுத்திருக்கேன்ல? ஓட்டல் வேலையெல்லாம் செஞ்சு காட்டணும். முடியாம படுத்திருக்கிற விருந்தாளியை எழுப்பாம பெட்ஷீட் மாத்தினா அதுக்குத் தனி மார்க்."

"பழகிப் பார்க்க உனக்கு என் அக்காதான் கிடைச்சாளா?"

பாப்பா கட்டிலருகே குனிந்தாள். "மேடம், கொஞ்சம் இடது பக்கம் திரும்பிக்கலாமா?" என்று அம்மாவின் தோளையும் இடுப்பையும் பிடித்து மெல்லச் சாய்த்தாள். நனைந்திருந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டே புதியதை விரித்தாள். வெந்நீரில் துணியைப் பிழிந்து முதுகைத் துடைத்தாள்.

"தண்ணி சூடு பத்தலை. உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க."

"மன்னிச்சுக்கங்க மேடம். இதோ மாத்திடறேன்."

மத்தியானம் தட்டில் சூப் வந்தது. பக்கத்தில் விசிறி மாதிரி மடித்த கைத்துணி. இரண்டு கரண்டி உள்ளே போனதும் அக்கா அத்தனையையும் வாந்தி எடுத்தாள். பாப்பா கைத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை மேடம். வேற ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்றாள், அதே சிரிப்போடு.

சித்தியால் பொறுக்க முடியவில்லை. அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையாடி? பெத்தவ உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கா. உனக்கு மார்க்குதான் பெரிசாப் போச்சா?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கழுவினாள்.

இப்படி ஒரு பாடத்தை நடத்துகிற டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்று சித்தி கிளம்பினாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான் இருந்தது.

அவள் பொரிந்து தள்ளியதையெல்லாம் டீச்சர் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பரீட்சை போன வாரமே முடிஞ்சு போச்சும்மா. அவ வரலை."

"வரலையா?"

"வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். 'அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியாது டீச்சர், மெதுவாப் பேசுங்க'ன்னு வாசலோட அனுப்பிட்டா. ஒரு நாளைக்கு யாராவது துணைக்கு இருந்திருந்தா வந்திருப்பா. பாவம், ஒரு வருஷம் போச்சு."

"முடியாதவங்களுக்குப் பெட்ஷீட் மாத்தணும்னு சொன்னாளே..."

"அது நர்சுங்க வேலையாச்சே. எங்க பாடத்துல அப்படி ஒண்ணும் கிடையாது."

சித்தி திரும்பி வந்தபோது, பாப்பா கொல்லைப்புறத்தில் விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி."

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"வீட்டுக்கு வந்த புதுசுல அம்மா என்னைத் தொடவே விடலை. ஈரத்துலயே கிடந்தாங்க. கூப்பிடவும் மாட்டாங்க. முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு. கிட்டப் போனா, 'நீ போய்ப் படி'ன்னு முகத்தைத் திருப்பிக்குவாங்க. அப்பதான், இதுதான்மா என் படிப்புன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாம திரும்பிப் படுத்துக்கிட்டாங்க." பாப்பா விரிப்பை முறுக்கிப் பிழிந்தாள். "பரீட்சை முடிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா, மறுபடியும் கிட்டச் சேர்க்க மாட்டாங்க சித்தி."

சித்தி உள்ளே போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்தியா?" அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

சித்தி திடுக்கிட்டாள்.

"டீச்சர் வாசல்ல நின்னு பேசினது என் காதுலயும் விழுந்துது. நீ அவகிட்ட எதையும் காட்டிக்காதே."

"தெரிஞ்சுமாக்கா இப்படி...?"

அக்கா கொல்லைப்பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

"அவ கை மேல படுறப்பல்லாம் எனக்கு இன்னும் உடம்பு கூசத்தான் செய்யுது. ஆனா இப்ப நான் வேண்டாம்னா, அவ பரீட்சையை விட்டதே வீணாப் போயிடும்ல?"