நெபியோலோவின் குணம்

"நீர் வாயிலை வைக்க வேண்டாம், தாரகா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்திட்டு, தோன்றினதைச் சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்னைக் குடிகாரக் கிளாசோடை நிப்பாட்டியிருக்கிறியள்!"

"மெல்லக் கதையுமப்பா. ஆள் நிக்கிறார்."

ஆள், இத்தாலியிலிருந்து வந்த வைன்காரர். நெபியோலோ என்னும் திராட்சையில் அவர் குடும்பம் செய்யும் சிவப்பு வைனை லண்டன் ஹரோ பக்கத்தில் ஒரே ஒரு கடைக்குத்தான் கொடுப்பாராம். அதுவும் அதன் குணம் அறிந்த கடைக்கு. எதிரே சூப்பர்மார்க்கெட் வந்த நாள் முதல் ஈயோட்டிக்கொண்டிருந்த பாலேந்திராவுக்கு, அது கிடைத்தால் அங்கே அவர் நடத்தும் ரெய்னர்ஸ் லேன் கடை தப்பும்.

ஆனால் அனுப்பிய சாம்பிளில் ஐசும் சோடாவும் போட்டுக் குடித்ததை ஃபோனில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுமுனையில் விம்மல் கேட்டது. உடனே, "எங்கள் கடையில் வைன் பார்ப்பது என் மனைவிதான்" என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார்.

அந்த மனைவியைச் சோதிக்க ஆள் நேரிலேயே வந்துவிட்டார். பிறந்ததிலிருந்து இருமல் மருந்தைத் தாண்டாத தாரகா, கிளாசைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தாள்.

"கெதியாய்ச் சொல்லி முடி பிள்ளை. பால் லொறி வந்து நிக்குது!" பாண் தட்டில் திகதி பார்த்துக்கொண்டிருந்த பாலேந்திராவின் அக்கா யோகமலர் அதட்டினார்.

தாரகாவின் முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு வந்தது.

"தூரத்திலை பாத்தால் சாது மாதிரித்தான். நிறமும் மெல்லிசு. ரோசாப்பூ வாசம் வேறை."

பாலேந்திரா ஆங்கிலத்தில் சொன்னார். இத்தாலிக்காரர் தலையாட்டினார்.

"கிட்டப் போனால்தான் தெரியும். வாய் வறண்டு போகும். பிறகு ஒருத்தரும் ஒரு கதை கதைக்கேலாது."

"அதே! அதே!"

"காலமை கிட்டவும் போகக்கூடாது. ரெண்டு மணித்தியாலம் தனியக் காத்தாட விட்டால்தான் கொஞ்சம் இளகும்."

"என்ன சாப்பாடு கொடுக்கலாம்?"

"ஆட்டிறைச்சி. நல்ல கொழுப்போடை. கோழிக்கெல்லாம் அடங்காது."

"எவ்வளவு காலம் இருக்கும்?"

தாரகா பெருமூச்சு விட்டாள். "மூண்டு கிழமை எண்டுதான் சொல்லிச்சினம். எனக்கெண்டால் வருசக்கணக்காய் இருக்கும் போலை கிடக்கு."

பாலேந்திரா அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கக்கூட இல்லை. இத்தாலிக்காரரின் கண் கலங்கிவிட்டது. "மூன்று கிழமையா? எந்த முட்டாள் சொன்னான்? இருபது வருடம் இருக்கும், அம்மா!"

"இருபதோ!" தாரகா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த உணர்ச்சியைக் கண்டு இத்தாலிக்காரர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஐந்து பெட்டி வைனையும் இறக்கிவிட்டு, தாரகாவை இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"நல்லாத்தான் சொன்னாய் பிள்ளை, ஒரு சொல்லும் பிழையில்லை" என்றபடி யோகமலரும் பால் லொறிக்காரனை வெருட்ட வெளியே போனார்.

பாலேந்திராவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு சொட்டும் தொடாமல் எப்பிடியப்பா இவ்வளவும் கண்டுபிடிச்சனீர்?"

"நானெங்கை வைனைப் பாத்தனான்? மூண்டு கிழமை நிண்டிட்டுப் போறனெண்டு கனடாவிலையிருந்து வந்து, ஏழு மாசமாய் எங்கட வீட்டிலை இருக்கிற உங்கட அக்காவை எல்லோ பாத்துச் சொன்னனான்!"