ஜன்னலைக் காட்டும் கைடு

தினமும் காலையில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று அவள் வீட்டு எதிரே வந்து நிற்கும். கைடு மாடி ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்வார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். அலை இரைச்சலில் ஒரு வார்த்தையும் அவள் காதில் விழாது.

பொறுக்க முடியாமல் கைடிடமே கேட்டாள். "அப்படி என்னதான் சொல்றீங்க?"

"டிக்கெட் வாங்கினாத்தான் கதை!" என்று நழுவிவிட்டார்.

விடுவாளா? மறுநாள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டாள். கலங்கரை விளக்கம், கப்பல் மோதிய பாறை, பழைய உப்புக் கிடங்கு எல்லாம் பார்த்து முடித்தார்கள். அவள் வீடு வந்தது.

"இங்க ராஜா ராணி யாரும் இருந்ததில்லீங்க," என்றார் கைடு. "லீவுக்கு வந்த ஒரு பொண்ணு, கடைசி பஸ்ஸை விட்டுட்டு அழுதுகிட்டு நின்னா. பாவமேன்னு எங்க வீட்டு மாடி ரூமைக் கொடுத்தோம். இன்னும் காலி பண்ணலை. என் சம்சாரம்தாங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சரித்திரத்தைச் சரியாச் சொல்லுங்க!" என்றபடி அவள் தொப்பியைக் கழற்றினாள். "பஸ் நிக்கத்தான் செஞ்சுது. நான்தான் ஏறலை. முந்தின நாள் நீங்க அந்தக் கப்பல் கதையைச் சொன்னப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கைடு கூட்டத்தை மறந்து அவள் பக்கம் திரும்பினார். "அப்போ... அந்த அழுகை?"

"உங்க வீட்டுல இடம் கேக்க வேற வழி தெரியலைங்க."