பழைய சூளையின் தட்டு

நீராவியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் செராமிக் வில்லைகளைப் பழைய சூளை இரண்டு நாள் நிதானமாகச் சுட்டது. புதிய சூளையோ இருபதே நிமிடத்தில் சுட்டுத் தள்ளியது. எந்தச் சூளையின் வில்லைகள் அதிகம் தாங்குகின்றனவோ அது நீடிக்கும், மற்றது மூடப்படும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

வில்லைகளைச் சூடாக்கியும் ஆற்றியும் ஐந்தாண்டு உழைப்பை ஐந்தே நாளில் வாங்கிவிடும் சோதனை இயந்திரம் இன்று காலை ஓய்ந்தது. பழைய சூளையை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டி மேய்த்த சூளைக்காரர் சோதனை அறையின் வாசலில் நின்றார்.

சோதனைக்காரி வெளியே வந்தாள்.

"அண்ணா, முதல்ல உட்காருங்க."

"நின்னே கேட்டுக்கறேன், சொல்லும்மா."

"பழைய சூளைத் தட்டுல பன்னிரண்டுக்கு ஒன்பது விரிஞ்சு போச்சு."

"புதுசுல?"

"மயிரிழை விரிசல்கூட இல்லைண்ணா. பன்னிரண்டும் கல்லு மாதிரி நிக்குது."

"ஒண்ணுகூடவா விரியலை?"

"என்னாலயே நம்ப முடியலை. உங்க கை மேல ரெண்டு டீ பந்தயம் கட்டியிருந்தேன்."

"நீயாவது கட்டினியே" என்றார் அவர்.

கண் கலங்கவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. தன் சூளைக்குத் திரும்பி, விசையை அணைத்து, அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சோதனைக்கு முந்தைய நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, தன் வில்லைகள் எப்படியும் தோற்றுவிடும் என்று பயந்து, இரண்டு தட்டுகளின் பெயர்ச்சீட்டுகளையும் மாற்றி ஒட்டியவர் அவர்தான்.