வெள்ளிக்கிழமை மனு

எட்மண்ட் அழித்துக்கொண்டே இருந்தார்.

ஷேர் ஆட்டோ குரோம்பேட்டை சிக்னலைத் தாண்டுவதற்குள் முகநூல் காலி. தாம்பரம் வருவதற்குள் வாட்ஸ்அப்பும் காலியாக வேண்டும்.

ஒரே ஒரு கார்ட்டூன். மழைத்தண்ணீர் தேங்கிய சிட்லபாக்கம் தெருவில் அமைச்சர் துடுப்புப் போடுகிறார். ரிட்டயர்டு வாத்தியாரான எட்மண்ட் பொழுது போகாமல் தானே வரைந்தது. எண்பத்தாறு லைக்.

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். ஆறு மணிக்கு வந்துட்டுப் போங்க சார்."

போன் வந்தபோது மணி ஐந்து. கிழமை வெள்ளி.

அதுதான் சிக்கல். வெள்ளி மாலை உள்ளே போனால் திங்கள் வரை ஜாமீனைப் பற்றி நினைக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மகள் சுஜியின் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் முதல் ஓலையை வாசிக்கிறார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்?

யார் போட்டுக்கொடுத்தது?

எதிரே உட்கார்ந்திருந்தவன் அவர் போனையே பார்ப்பது போலிருந்தது. திரையைச் சட்டையோடு சாய்த்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தர். வேறு யார்? ஆட்சி மாறியதிலிருந்து அவன் வீட்டு வாசலில் கட்சிக்கொடி பெரிதாகிவிட்டது. காலையில் பால் வாங்கும்போது, "சாயங்காலம் எங்கயாவது போறீங்களா சார்?" என்று கேட்டுச் சிரித்தானே, அந்தச் சிரிப்பு!

போன மாதம்தான் எட்மண்ட் தன் கட்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கர்ஜித்திருந்தார். "படம் போட்டவன் வீட்டுக்குப் போலீஸா?" கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. தட்டிய கைகளில் எத்தனை நம்பகமானவை என்று இப்போது எண்ணிப் பார்த்தார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு தனக்கோடி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"குந்து வாத்தியாரே. ஐயா வந்துகினு கீறாரு."

"ஷ்யாம்சுந்தர்தானே எழுதிக் கொடுத்தான்?"

தனக்கோடி சிரித்தார்.

"அவரு எங்க எழுதுனாரு? கையெழுத்து மட்டும்தான் போட்டாரு. மனு நம்மாண்ட ரெடியா கீது. போன ஆட்சில உங்காளுங்க குடுத்தது. இப்ப அவங்காளுங்க அதையே ஜெராக்ஸ் எடுத்துக்குறாங்க. பேரை மாத்துனா முடிஞ்சது வேலை. இன்னா எழுத்து சார்! ஒரு ஓட்டை கெடையாது."

தாள் மேஜைமேல் நகர்ந்து வந்தது.

'கருத்துச் சுதந்திரம் என்பது கண்டதையும் வரையும் சுதந்திரம் அல்ல.'

எட்மண்டின் கண் அந்த வரியிலேயே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

முதல் பத்தியில் அவர் பெயர். இரண்டாவதிலும் அவர் பெயர். மூன்றாவது பத்தியில் மாற்ற மறந்துவிட்டிருந்தார்கள்.

'மேற்படி அஞ்சலி என்பவர்...'

பம்மல் பெண். பாலிடெக்னிக் மாணவி. அப்போதைய அமைச்சரைக் கிண்டலடித்து ஒரே ஒரு மீம். மூன்று நாள் உள்ளே இருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் அம்மா யார் யார் வாசலிலோ போய் நின்றாள். எட்மண்ட் வாசலிலும்.

"சட்டம் தன் கடமையைச் செய்யும்மா" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தியது ஞாபகம் வந்தது.

தாளின் ஓரத்தில், பேனாவால் எழுதிய ஒரு குறிப்பும் ஜெராக்ஸில் அப்படியே விழுந்திருந்தது.

'வட்டச் செயலாளர்கள் கவனத்துக்கு: வெள்ளிக்கிழமை மாலை கொடுக்கவும். திங்கள் வரை வெளியே வர முடியாது.'

குண்டு குண்டான, அழகான எழுத்து. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

வெளியே ஜீப் வந்து நின்றது.

எட்மண்ட் தன் வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.