சின்ன வேன்

"நியூசிலாந்துல கேரவன்ல சுத்துற சுகமே தனிம்மா. ஹோட்டலுக்கு ஹோட்டல் பெட்டி தூக்க வேணாம். ஏரிக்கரையில நிறுத்தி, உங்கம்மா கையாலேயே ரசம் வச்சுச் சாப்பிடலாம். சின்ன வேனோட வாடகைக்கே பெரிய வண்டி தர்றேன். ரெண்டு தனிப் படுக்கை, டிவி எல்லாம் உண்டு," என்றார் சிங்கப்பூர் தேக்காவில் பயண ஏஜென்சி நடத்தும் அங்கமுத்து.

"வேணாம் அங்கிள். அப்பா அம்மா கல்யாண நாளுக்கு என் பரிசு இது. இருக்கறதுலயே சின்ன வேன் போதும். டிவி வேண்டவே வேணாம்," என்றாள் அனுப்ரியா.

பேரம் பேசிப் பெரிதாகப் பிடுங்கியவர்களை அங்கமுத்து நிறையப் பார்த்திருக்கிறார். தானாக வருவதைத் தள்ளிவிட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பெற்றவர்கள் மேல் என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு சின்னதையே பதிவு செய்தார்.

பயணம் கிளம்பிய மறுநாளே அவளுடைய அப்பா நியூசிலாந்திலிருந்து அங்கமுத்துவுக்குப் போன் செய்தார்.

"என்னய்யா வண்டி இது? திரும்பினா இவ மேல இடிக்குது!"

"உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியல, அவரை ஏன் திட்டுறீங்க?" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"நீ முதல்ல மேப்பை ஒழுங்கா பாருடி!"

அங்கமுத்து பதறிப்போய் அனுப்ரியாவை அழைத்தார். "ஒரே சண்டைம்மா! பெரிய வேனை எடுன்னு அப்பவே சொன்னேன்லா!"

"ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசினாங்களா?" அவள் குரல் துள்ளியது. "தீபாவளியிலேர்ந்து பேச்சே இல்ல அங்கிள். பிடோக் வீட்ல ஆளுக்கொரு ரூம். 'உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட காபி கேளு'ன்னு எல்லாமே என் வழியாத்தான்."

அங்கமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ வண்டிய மாத்த வேணாமா?"

"இதைவிடச் சின்னது இருந்தா மாத்துங்க, அங்கிள்!"