குமரேசன் திருடனான காரணம்

நான் ஏன் திருடனானேன் என்பதற்கு, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதலில் வந்த கலையரசன் வறுமை என்று எழுதினான். அடுத்த வருடம் வந்த பெண், கெட்ட சகவாசம் என்றாள். அதற்கடுத்து வந்தவன் சிதைந்த குடும்பம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, என் மனைவி தங்கம்மாள் அவன் தட்டில் இரண்டாவது முறையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சமூகவியலும் குற்றவியல் நீதியும் படிக்கிறவர்கள். ஒரு குற்றவாளியை நேரில் பார்த்துப் பேசி புராஜெக்ட் எழுதினால்தான் பாஸாம்.

கலையரசன் என்னைக் கோர்ட் வாசலில் பிடித்தான். அன்றிலிருந்து என் நம்பர் ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது. மற்ற திருடர்கள் தெரியாத நம்பரை எடுப்பதில்லையாம். நான் ஆட்டோக்காரன். சவாரியாக இருக்குமோ என்று எடுத்துத் தொலைத்துவிடுவேன்.

இந்த வருடம் மணிமொழி வந்திருந்தாள். ரமணாசிரமத்துக்கு எதிரே நிறுத்தியிருந்த என் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டிங்கைப் போட்டாள். திங்கட்கிழமை புராஜெக்டைக் கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வையும் முடிக்காவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டாள். பாவம், தூங்கியே பல நாள் ஆகியிருக்கும் போல.

எனக்கும் தூக்கமில்லைதான். அவள் கேள்விகளில் அதற்கு இடமில்லை.

"கலையரசன் அண்ணன்கிட்ட வறுமை ஜாஸ்தியா சொல்லியிருக்கீங்க. எனக்கு மட்டும் கம்மியா சொல்றீங்களேண்ணா" என்று குறைபட்டுக்கொண்டாள். பிறகு, செயினை அறுக்கும்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டாள்.

"நான் அறுக்கலம்மா" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். வெளியூர் அம்மா ஒருவருடைய செயின் காணாமல் போனது. போலீஸ் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தது. யார் வந்து கேட்டாலும் வரிசையில் முதலில் நிற்கும் வண்டிதான் போக வேண்டும் என்பது ஸ்டாண்டு வழக்கம். அன்றைக்கு முதல் வண்டி என்னுடையது. போலீஸும் வழக்கத்தை மீறவில்லை.

மணிமொழியின் முகம் மலர்ந்தது. குற்றம் செய்தவர்கள் முதலில் இப்படித்தான் மறுப்பார்கள் என்று அவர்கள் பாடத்திலேயே இருக்கிறதாம். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கலையரசனும் இதே இடத்தில்தான் சந்தோஷப்பட்டான். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல இவர்களுக்கு மார்க் ஏறுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம், நான்தான் அறுத்தேன் என்றால் மனம் திருந்தியவர் என்று எழுதுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சமூகத்தின் மேல் வெறுப்பு என்பார்கள். இவர்களிடம் மாட்டியதற்குப் போலீஸே தேவலை.

தண்டனை முடிந்து வந்த பிறகு அக்கம்பக்கத்தார் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

தண்டனை எங்கே முடிந்தது, இன்னும் கொடுக்கவே இல்லையே என்றேன். நான் ஜாமீனில்தான் இருக்கிறேன். ஆறு வருடமாக வாய்தா வாய்தாவாக இழுத்து, இப்போதுதான் சாட்சி விசாரணை முடிந்தது. நாளைக்குத் தீர்ப்பு.

அவள் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

இத்தனை பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்காக முகம் வெளுத்தது இவள் ஒருத்திக்குத்தான். தங்கம்மாளிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது என்றேன். உள்ளே போய்விட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான், தங்கம்மாள் தனியாக என்ன செய்வாளோ தெரியவில்லை என்றேன்.

வக்கீல் என்ன சொல்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள்.

விடுதலை நிச்சயம் என்கிறார், செயின் என்னிடமிருந்து எடுக்கப்படவே இல்லை, சாட்சிகளும் நிற்கவில்லை, நீ கவலைப்படாதேம்மா என்று நானே அவளைத் தேற்றினேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு வாய்தா வாங்க முடியாதாண்ணா? என் வைவா முடியிற வரைக்கும்?"