திரும்பும்போது மட்டும் நாய்

"போகும்போது நாய் இல்லம்மா. திரும்பும்போது மட்டும்தான் இருக்கும்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

போனின் மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது.

வழியில் கார் நின்றுபோனால் ஆள் அனுப்பி உதவுகிற கம்பெனியின் பெண் அவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்று குரலே சொன்னது. கேள்விகளைக் கடகடவென்று படித்துக்கொண்டு வந்தவள், நாய் என்றதும் தடுமாறிப் போனாள்.

அவளுடைய படிவத்தில் ஒன்று நாய் உண்டு, இல்லாவிட்டால் நாய் இல்லை. பாதி வழி நாய்க்கு இடமில்லை.

என்ன ஜாதி நாய் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. எத்தனை கிலோ? தெரியவில்லை. பேர்? அதுவும் அங்கே போனால்தான் சொல்வார்கள்.

"குட்டி நாயா சார்?"

"வளர்ந்த நாய். அது மட்டும் தெரியும்."

விலைக்கு வாங்கப் போகிறாரா என்றாள். இல்லை. அப்படியானால் அது யாருடைய நாய்? இன்னும் யாருடையதும் இல்லை என்று சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று அவரே யோசித்தார்.

இருபத்தேழு வருஷமாக இப்படிப்பட்ட போன்களின் மறுமுனையில் இருந்தவர் அவர். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர் என்று மூன்றே கேள்விதான் கேட்பார். அழுதுகொண்டிருப்பவர்கூட மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். இன்று அவரிடம் முப்பது கேள்வி கேட்டாகிவிட்டது. ஒன்றுக்காவது உருப்படியாகப் பதில் சொன்னோமா என்றால், இல்லை.

காரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வாய் தானாகத் திறந்தது. பத்தொன்பது வயது வண்டி. ஏற்றம் கண்டால் ரேடியேட்டர் கொதிக்கும். அரை மணி நேரம் மூச்சு வாங்க விட்டால் சொன்ன பேச்சுக் கேட்டுக் கிளம்பிவிடும். இதுநாள் வரை அதன் பானட்டுக்குள் அவர் கையைத் தவிர வேறொரு கை போனதில்லை.

"அப்புறம் இப்ப எதுக்கு சார் இதெல்லாம்?"

அந்தக் கேள்வி படிவத்தில் இருந்திருக்காது.

வண்டிக்கு வயசாகிவிட்டது என்றார். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஓட்டப் போவது யார்? மனைவி. லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம்? ஆறு வாரம்.

ஆறு வருஷமா என்று திருப்பிக் கேட்டாள். வாரம்தான் என்றார்.

வெளியே தெருவில் மனைவி வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். கியர் கரகரத்தது. இவருக்குப் பல் கூசியது. பயண ஏற்பாடு முழுக்க அவள்தான். நாய் தரும் இடத்துக்குக் கடிதம் எழுதியது அவள். படிவங்களை நிரப்பியது அவள். அங்கிருந்து ஆள் வந்து வீட்டையும் வாசற்படியையும் அளந்து பார்த்தபோது பதில் சொன்னதும் அவளே. இந்த ஒரு போனை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டு, "இதையாவது நீங்க பேசுங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது அது ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அடுத்தது தேதி. போவதற்கும் திரும்புவதற்கும் நடுவே மூன்று வாரம் இருந்தது. ஒரு நாயைக் கூட்டிவர மூன்று வாரமா என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

"அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கணும்மா."

"நாய்க்கா சார்?"

"அது எல்லாம் கத்துக்கிச்சு. எனக்குத்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவள் குழப்பம் அவளிடமும், அவர் குழப்பம் அவரிடமும் அப்படியே இருந்தன.

கடைசியாக ஒரு பத்தி இருக்கிறது, அதைப் படித்துக் காட்டியே ஆகவேண்டும் என்றாள். இழுத்துப் போக லாரி வந்தால் பயணிகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரலாம். நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. நின்றுபோன காருக்குள் அது தனியாகத்தான் வரவேண்டும்.

அந்த நாயை அவர் இன்னும் கண்டதே இல்லை. ஆனாலும் பழக்கமில்லாத சாலையில், கொக்கி மாட்டிய காருக்குள், அது மட்டும் ஒற்றையாக உட்கார்ந்து வருவதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"வேற வழியே இல்லையாம்மா?"

அவள் தேடினாள். விதிவிலக்கு ஒன்று இருந்தது. அதைப் படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டும் நாயாக இருந்தால், அவரோடு அதுவும் முன்னால் உட்காரலாம்.

"இது... உங்களுக்குப் பொருந்துமா சார்?"

டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லி நாலு மாதம் ஆகிறது. மனைவி சொல்லிவிட்டாள். லிஃப்ட் கம்பெனியில் மேலாளர் கடிதத்திலேயே எழுதிவிட்டார். அவர் மட்டும், யார் கேட்டாலும், கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

மங்கலுக்கு லாரியில் முன்சீட்டு கிடைக்காது.

"பொருந்தும்மா" என்றார். "எனக்குக் கண்ணு போயிடுச்சு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் இடிந்து விழவில்லை. அந்தப் பக்கம் விரல்கள் வேகமாக ஓடின.

"அப்ப அது நாய்க் கணக்குலயே வராது சார்" என்றாள் அந்தப் பெண். "உங்ககூட வர்ற ஆள் மாதிரிதான்."

நன்றி சொன்னார். மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்துப் போனை வைத்தார்.

தோளில் ஒரு கை வந்து விழுந்தது. வெளியே வண்டிச் சத்தம் எப்போது நின்றது, மனைவி எவ்வளவு நேரமாக அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறாள், எதுவும் அவருக்குத் தெரியவில்லை.